இயக்க உணர்வுத் துணைக்கருவிகளும் மூன்றாம் தரப்பு உருவாக்குநரின் ஆதரவும்: பவர் கிளவ் முதல் கினெக்ட் வரை (1989–2017)

ஆய்வுச் சுருக்கம்

உடலசைவை உள்ளீடாகக் கொள்ளும் துணைக்கருவிகள் நிகழ்பட விளையாட்டு வரலாற்றில் மீண்டும் மீண்டும் பெரும் அறிவிப்புகளுடன் தோன்றி, சில ஆண்டுகளில் மறைந்துள்ளன. இம்மறைவுக்குத் தொழில்நுட்பக் குறைபாடே காரணம் என்று பொதுவாகக் கூறப்படுகிறது. கருவியை உருவாக்கிய நிறுவனத்துக்கு வெளியே நின்று விளையாட்டுகளை ஆக்கிய மூன்றாம் தரப்பு உருவாக்குநரின் ஆதரவு எத்தன்மையது என்பதை வைத்து இவ்வரலாற்றை இக்கட்டுரை மறுவாசிப்புச் செய்கிறது. அவ்வாதரவைப் பெயர்ப்பு, கூடுதல், சார்பு என மூவகையாகப் பகுத்து, கருவியை ஆழமாக ஆதரித்த படைப்புகளே கருவியின் முடிவோடு முற்றிலும் இழக்கப்பட்டன என்பதை நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: நிகழ்பட விளையாட்டு, துணைக்கருவி, மூன்றாம் தரப்பு உருவாக்குநர், பவர் கிளவ், மோஷன்பிளஸ், பிளேஸ்டேஷன் மூவ், கினெக்ட்

முன்னுரை

தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடும் பொறி கன்சோல் எனப்படும். கன்சோலை விற்கும் நிறுவனம் தானும் விளையாட்டுகளை ஆக்கும். பிற நிறுவனங்கள் ஆக்குவதற்கும் இசைவளிக்கும். பின்னவரே இத்துறையில் மூன்றாம் தரப்பு உருவாக்குநர் என்று வழங்கப்படுகின்றனர். கன்சோலோடு வராமல் தனியே விலைகொடுத்து வாங்கப்படும் கருவி துணைக்கருவியாகும்.

புதிய துணைக்கருவி ஒன்று அறிமுகமாகும்போது, அதனை ஆதரிக்கும் நிறுவனங்களின் பட்டியலும் உடன் வெளியிடப்படுவது வழக்கம். அப்பட்டியலின் நீளமே கருவியின் எதிர்காலத்துக்குச் சான்றாக முன்வைக்கப்படுகிறது. ஆயினும் ‘ஆதரவு’ என்னும் ஒரே சொல் மிக வேறுபட்ட செயல்களைக் குறிக்கிறது. பழைய விளையாட்டில் பொத்தானை அழுத்துவதற்கு மாற்றாகக் கையசைவை ஏற்பது பெயர்ப்பு ஆதரவு. வழக்கமான கைப்பிடியாலும் புதிய கருவியாலும் விளையாட இடமளிப்பது கூடுதல் ஆதரவு. கருவியின்றி விளையாடவே இயலாதவாறு அமைப்பது சார்பு ஆதரவு. இம்மூன்றிலும் உருவாக்குநர் ஏற்கும் பொருளிடர் ஒன்றன்று. முதலிரண்டில் கருவி தோற்றாலும் விளையாட்டு பிழைத்துக்கொள்ளும். மூன்றாவதில் கருவியின் விதியே விளையாட்டின் விதியாகும்.

மூன்றாம் தரப்பு என்னும் வகைமையின் தோற்றம்

தொடக்கத்தில் ஒரு கன்சோலுக்குரிய விளையாட்டுகளை அதனை விற்ற நிறுவனமே ஆக்கியது. அட்டாரி நிறுவனத்திலிருந்து வெளியேறிய நிரலாளர்கள் 1979இல் ஆக்டிவிஷன் நிறுவனத்தைத் தோற்றுவித்து, அட்டாரியின் கன்சோலுக்கே விளையாட்டுகளை ஆக்கி விற்றபோது இந்நிலை மாறியது. அட்டாரி வழக்குத் தொடுத்தது. 1982இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, உரிமத்தொகை செலுத்திப் பிறர் விளையாட்டுகளை வெளியிடும் முறை நிலைபெற்றது.

1985இல் அமெரிக்கச் சந்தையில் நுழைந்த நின்டெண்டோ இம்முறையை மேலும் இறுக்கியது. இசைவு பெறாத விளையாட்டுகள் இயங்காதவாறு தடுக்கும் சில்லு ஒன்றைக் கன்சோலிலேயே பொருத்தியது. ஒரு வெளியீட்டாளர் ஆண்டுக்கு ஐந்து விளையாட்டுகளையே வெளியிடலாம் என வரையறுத்தது. விளையாட்டுப் பொதிகளைத் தானே தயாரித்து வழங்கியது. ஆண்டுக்கு ஐந்து வாய்ப்புகளே உள்ள வெளியீட்டாளர், அவற்றுள் ஒன்றைச் சிலரிடம் மட்டுமே உள்ள துணைக்கருவிக்கென ஒதுக்குவதற்குத் தயங்கியது இயல்பே. முதல் இயக்க உணர்வுத் துணைக்கருவிகள் இச்சூழலில்தான் தோன்றின.

பவர் கிளவ்: பெயர்ப்பின் எல்லை

மேட்டல் நிறுவனம் 1989இல் விற்பனைக்குக் கொண்டுவந்த பவர் கிளவ், கையில் அணியும் உறை வடிவிலானது. விபிஎல் ரிசர்ச் நிறுவனத்தின் ஆய்வகக் கருவியான டேட்டா கிளவ் இதற்கு முன்னோடி. பல்லாயிரம் டாலர் மதிப்புடைய அக்கருவியின் கருத்தை ஏறத்தாழ 75 டாலர் விலையில் பொம்மைக் கடைக்குக் கொண்டுவருவதற்குத் துல்லியம் பெரிதும் விட்டுக்கொடுக்கப்பட்டது. விரல்களின் மடக்கம் கடத்துமை பூசிய பட்டைகளால் அளக்கப்பட்டது. அளக்கப்பட்ட விரலொன்றுக்கு நான்கு நிலைகள் மட்டுமே பதிவாயின. உறையிலிருந்து எழும் மீயொலியைத் தொலைக்காட்சியின் மேல் பொருத்திய மூன்று வாங்கிகள் ஏற்று, கை இருக்குமிடத்தைக் கணித்தன.

இக்கருவி ஏற்கெனவே சந்தையிலிருந்த விளையாட்டுகள் பலவற்றோடும் இயங்கியது. விளையாடுபவர் உறையின் மேலுள்ள எண்பலகையில் அந்தந்த விளையாட்டுக்குரிய எண்ணை அழுத்த வேண்டும். அதன்பின் கையசைவுகள் பொத்தான் அழுத்தங்களாகப் பெயர்க்கப்பட்டன. விளையாட்டை ஆக்கியவர் இதற்கென எதுவும் செய்யவில்லை. பல வேளைகளில் அவருக்கு இதில் பங்கே இல்லை. கட்டை விரலின் சிறு அழுத்தத்துக்கென வகுக்கப்பட்ட ஆட்டத்தை முழுக்கையின் வீச்சால் ஆடும்போது வேகமும் நுட்பமும் குறைந்தன.

பவர் கிளவுக்கென்றே வெளிவந்தவை இரண்டு விளையாட்டுகள் மட்டுமே: ‘பேட் ஸ்ட்ரீட் பிராலர்’ (1989), ‘சூப்பர் கிளவ் பால்’ (1990). முன்னது பீம் சாஃப்ட்வேர் நிறுவனம் வீட்டுக் கணினிகளுக்காக முன்பே ஆக்கிய விளையாட்டின் மறுவடிவம். பிரித்தானியாவின் ரேர் நிறுவனம் ஆக்கிய பின்னது மட்டுமே வெளியில் கையை நீட்டிப் பொருளைப் பற்றும் உணர்வை மையமாகக் கொண்டது. இவ்விரண்டையும் வெளியிட்டது மேட்டலே என்பது கருதத்தக்கது. வெளியார் உழைப்பு இருந்தது. ஆனால் வெளியார் எவரும் தம் பணத்தை இக்கருவியை நம்பி முதலிடவில்லை.

அதே 1989இல் பிராடர்பண்ட் நிறுவனத்தின் யூ-ஃபோர்ஸும், 1993இல் சேகாவின் ஆக்டிவேட்டரும் வந்தன. இரண்டும் அகச்சிவப்புக் கதிர்களைக் கையோ காலோ இடைமறிப்பதைப் பொத்தான் அழுத்தமாக மாற்றின. எண்கோணச் சட்டமான ஆக்டிவேட்டரின் ஒவ்வொரு பக்கமும் ஒரு பொத்தானுக்கு நிகர். முதல் தலைமுறைக் கருவிகள் மூன்றும் பெயர்ப்பு ஆதரவை அடித்தளமாகக் கொண்டவை என்பது இதனால் விளங்கும்.

ஐடாய்: இல்லத்துக்குள்ளேயே வளர்ந்த கருவி

சோனி 2003இல் பிளேஸ்டேஷன் 2 கன்சோலுக்கென வெளியிட்ட ஐடாய் என்னும் சிறு கேமரா, விளையாடுபவரின் உருவத்தையே திரையில் காட்டியது. சோனியின் லண்டன் கூடம் ஆக்கிய ‘ஐடாய்: பிளே’ கருவியோடு சேர்த்தே விற்கப்பட்டது. விளையாட்டும் கருவியும் ஒன்றுக்கொன்று என்று வடிவமைக்கப்பட்டதால் பெயர்ப்புச் சிக்கல் எழவில்லை. ஐடாய்க்கென்றே ஆக்கப்பட்டவற்றுள் மிகுதியானவை சோனியின் சொந்த வெளியீடுகள். சேகாவின் ‘சேகா சூப்பர்ஸ்டார்ஸ்’ (2004) போன்ற வெளியாரின் சார்புப் படைப்புகள் சிலவே. பிற நிறுவனங்கள் பெரும்பாலும் சிறு கூடுதல் வசதி ஒன்றைச் சேர்த்து, உறையில் ஐடாய் முத்திரையைப் பதிப்பதோடு நின்றன.

நின்டெண்டோ வீயும் மோஷன்பிளஸும்: ஓர் இயல்பான சோதனை

2006 நவம்பரில் வெளியான நின்டெண்டோவின் ‘வீ’ கன்சோல் இவ்வரலாற்றின் திருப்புமுனையாகும். முடுக்கமானியும் அகச்சிவப்புக் கேமராவும் கொண்ட அதன் கைப்பிடி துணைக்கருவியன்று. ஒவ்வொரு பெட்டியிலும் அது இருந்தது. வீ வாங்கிய ஒவ்வொருவரிடமும் கருவி உண்டு என்னும் உறுதி உருவாக்குநருக்குக் கிடைத்தது. யூபிசாஃப்ட் நிறுவனம் கன்சோல் வெளியான நாளிலேயே ‘ரெட் ஸ்டீல்’, ‘ரேமன் ரேவிங் ராபிட்ஸ்’ ஆகியவற்றை வெளியிட்டது. வீ உலகளவில் 10 கோடிக்கும் மேல் விற்றது.

எனினும் முடுக்கமானியால் கையின் திருப்பத்தை முழுமையாக உணர இயலவில்லை. ‘ரெட் ஸ்டீல்’ வாளேந்திப் போரிடும் காட்சிகளை முன்னிறுத்தியபோதும், விளையாடுபவரின் வீச்சைத் திரையிலுள்ள வாள் அப்படியே பின்பற்றவில்லை. இக்குறையை நீக்க, சுழற்சியை அளக்கும் கைரோஸ்கோப் பொருத்திய மோஷன்பிளஸ் என்னும் இணைப்பு 2008 ஜூலையில் அறிவிக்கப்பட்டு, 2009 ஜூனில் விற்பனைக்கு வந்தது. ஒரே கன்சோலில், ஒரே உருவாக்குநர்களிடையே, பெட்டியில் வந்த கருவியையும் தனியே வாங்க வேண்டிய கருவியையும் அருகருகே ஒப்பிட இது வாய்ப்பளிக்கிறது.

அமெரிக்காவில் மோஷன்பிளஸை முதலில் பயன்படுத்தியவர்கள் மூன்றாம் தரப்பினரே. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸின் ‘டைகர் வுட்ஸ் பிஜிஏ டூர் 10’, ‘கிராண்ட் ஸ்லாம் டென்னிஸ்’, சேகாவின் ‘வர்ச்சுவா டென்னிஸ் 2009’ ஆகியவை நின்டெண்டோவின் சொந்த விளையாட்டுக்கு முன்பே கடைகளுக்கு வந்தன. ஆனால் இவை கூடுதல் ஆதரவே. இணைப்பு இல்லாமலும் ஆட முடிந்தது. இணைப்பைக் கட்டாயமாக்கி, அதனைப் பெட்டியிலேயே சேர்த்து வழங்கிய ‘வீ ஸ்போர்ட்ஸ் ரிசார்ட்’ நின்டெண்டோவின் படைப்பு. இது 3 கோடிக்கும் மேல் விற்றது. வெளியார் தரப்பில் சார்பு ஆதரவை ஏற்ற குறிப்பிடத்தக்க படைப்பு யூபிசாஃப்டின் ‘ரெட் ஸ்டீல் 2’ (2010). முதல் பாகத்தால் தர இயலாத வாள்வீச்சை இது தந்தது.

3 கோடி பேரிடம் கருவி இருந்தும் சார்புப் படைப்புகள் ஏன் பெருகவில்லை? 10 கோடியில் 3 கோடி என்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. மோஷன்பிளஸைக் கட்டாயமாக்கும் வெளியீட்டாளர் ஏனைய இரு பங்கினரைத் தொடக்கத்திலேயே இழக்கிறார். 2010 இறுதியில் மோஷன்பிளஸ் உள்ளடங்கிய புதிய கைப்பிடி வந்தபோது இப்பிளவு மறையத் தொடங்கியது. அப்போது வீயின் விற்பனை உச்சம் கடந்துவிட்டது.

மாறாக, யூபிசாஃப்டின் ‘ஜஸ்ட் டான்ஸ்’ (2009) மோஷன்பிளஸை நாடவேயில்லை. வலக்கையில் பிடித்த கைப்பிடியின் அசைவை மட்டும் கொண்டு நடனத்தை மதிப்பிட்டது. துல்லியம் குறைவு, ஆயினும் எல்லா வீயிலும் இயங்கியது. இத்தொடர் 2019 வரை வீக்கு வெளிவந்தது. மேம்பட்ட கருவியைவிட எல்லோரிடமும் உள்ள கருவியே உருவாக்குநருக்கு உறுதியான நிலம் என்பதற்கு இது தக்க சான்று.

பிளேஸ்டேஷன் மூவ்: 36 பெயர்கள்

வீயின் வெற்றிக்கு விடையாக சோனி 2010 மார்ச்சில் பிளேஸ்டேஷன் மூவ் கருவியை அப்பெயருடன் அறிமுகப்படுத்தியது. மூன்றாம் தரப்பு உருவாக்குநரும் வெளியீட்டாளருமாக 36 நிறுவனங்கள் இதனை ஆதரிக்கவுள்ளதாக அப்போது அறிவிக்கப்பட்டது. ஒளிரும் உருண்டை, முடுக்கமானி, கைரோஸ்கோப், காந்தமானி ஆகியன பொருந்திய இக்கைப்பிடியை பிளேஸ்டேஷன் ஐ என்னும் கேமரா பின்தொடர்ந்தது. செப்டம்பரில் விற்பனைக்கு வந்தபோது கைப்பிடியின் விலை 50 டாலர். கேமராவும் ஒரு விளையாட்டும் சேர்ந்த தொகுப்பின் விலை 100 டாலர்.

‘ஸ்போர்ட்ஸ் சாம்பியன்ஸ்’, ‘ஸ்டார்ட் த பார்ட்டி’, ‘த ஃபைட்’ என மூவுக்கென்றே ஆக்கப்பட்ட தொடக்கப் படைப்புகளைச் சோனியே வெளியிட்டது. வெளியாரின் பங்களிப்பு பெரும்பாலும் கூடுதல் ஆதரவாகவே அமைந்தது. கேப்காமின் ‘ரெசிடென்ட் ஈவில் 5’, எலக்ட்ரானிக் ஆர்ட்ஸின் ‘டைகர் வுட்ஸ் பிஜிஏ டூர் 11’ ஆகியவை முன்பே வெளிவந்து, பின்னர் மென்பொருள் இற்றைப்படுத்தலால் மூவ் ஆதரவைப் பெற்றன. 36 என்னும் எண் பொய்யன்று. அது எவ்வகை ஆதரவு என்பதை அவ்வெண் கூறவில்லை.

மூவின் பிற்கால வரலாறு இக்கருத்துக்கு வலுவூட்டுகிறது. 2016 அக்டோபரில் சோனி தன் மெய்நிகர் தலைக்கருவியை வெளியிட்டபோது, ஆறாண்டுப் பழமையான மூவ் கைப்பிடிகள் மீண்டும் தேவைப்பட்டன. ஆவ்ல்கெமி லேப்ஸின் ‘ஜாப் சிமுலேட்டர்’, செக் குடியரசின் பீட் கேம்ஸ் 2018இல் இக்கருவிக்குக் கொணர்ந்த ‘பீட் சேபர்’ ஆகிய சிறு குழுக்களின் படைப்புகள் மூவைக் கட்டாயமாக்கின. தலைக்கருவி அணிந்தவர்க்குக் கையசைவு ஓர் அலங்காரமன்று. அவ்வுலகில் பொருளைத் தொடுவதற்கான வழி. கருவி மாறவில்லை, கருவியைத் தேவையாக்கிய சூழல் பிறந்தது.

கினெக்ட்: வாக்குறுதியும் பின்வாங்கலும்

மைக்ரோசாஃப்ட் 2009 ஜூனில் அறிவித்து, 2010 நவம்பர் 4 அன்று 150 டாலர் விலையில் வெளியிட்ட கினெக்ட், கைப்பிடியையே நீக்கியது. இஸ்ரேலின் பிரைம்சென்ஸ் நிறுவனத்தின் ஆழமறியும் நுட்பமும், உடலின் மூட்டுகளை இனங்காணும் மென்பொருளும் இதன் உயிர்நாடி. முதல் 60 நாள்களில் 80 லட்சம் கினெக்டுகள் விற்றன. விரைவாக விற்ற நுகர்வோர் மின்னணுக் கருவி என கின்னஸ் பதிவு செய்தது.

உருவாக்குநருக்கு இது மூன்று நெருக்கடிகளை அளித்தது. பொத்தான் ஒன்றுமே இல்லாமையால், நடத்தல், திரும்புதல், தேர்ந்தெடுத்தல் ஆகிய அடிப்படைச் செயல்களையும் புதிதாக வகுக்க வேண்டியிருந்தது. ஒருவர் விளையாட ஏறத்தாழ 6 அடியும் இருவர் விளையாட 8 அடியும் கருவிக்கு முன் இடம் வேண்டும் என்பதால் சிற்றறைகளில் வாழ்வோர் விலக்கப்பட்டனர். உடலசைவைக் கணிக்கும் பணியைக் கன்சோலின் செயலியே சுமந்ததால் விளையாட்டுக்குக் கிட்டும் ஆற்றல் குறைந்தது.

இந்நெருக்கடிகளை வென்றவை உடலசைவையே பொருளாகக் கொண்ட நடனமும் உடற்பயிற்சியும். ஹார்மோனிக்ஸின் ‘டான்ஸ் சென்ட்ரல்’, யூபிசாஃப்டின் ‘யுவர் ஷேப்: ஃபிட்னஸ் இவால்வ்ட்’ ஆகியவை இவற்றுக்குச் சான்று. எதிர்நிலைக்குச் சான்று கேப்காம் வெளியிட்ட ‘ஸ்டீல் பட்டாலியன்: ஹெவி ஆர்மர்’ (2012). 2002இல் வந்த முதல் ‘ஸ்டீல் பட்டாலியன்’ ஏறத்தாழ 40 பொத்தான்கள் கொண்ட தனிக் கட்டுப்பாட்டுப் பலகையுடன் விற்கப்பட்டது. அங்குக் கருவியும் விளையாட்டும் ஒரே கையிலிருந்து வந்தன. அவ்வளவு நுணுக்கத்தைக் கினெக்டின் சைகைகளிடம் ஒப்படைத்த பிற்காலப் படைப்பு, சைகைகள் தவறாக உணரப்படுவதாகத் திறனாய்வாளரின் கடும் கண்டனத்துக்கு உள்ளானது.

ஏனைய பெரும் படைப்புகளோ உடலை விடுத்துக் குரலை மட்டும் எடுத்துக்கொண்டன. பயோவேரின் ‘மாஸ் எஃபெக்ட் 3’ (2012) கினெக்டை வாய்மொழிக் கட்டளைக்கே பயன்படுத்தியது. ஆழமறியும் கேமரா அங்கு ஒலிவாங்கியாகச் சுருங்கியது. பட்டியலிலோ அதுவும் கினெக்ட் ஆதரவே.

2013 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் அளித்த கணக்கின்படி, எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோல்கள் 7 கோடியே 60 லட்சமும் கினெக்டுகள் 2 கோடியே 40 லட்சமும் விற்றிருந்தன. இங்கும் விகிதம் மூன்றில் ஒன்றையே நெருங்குகிறது. இத்தடையைத் தகர்க்கவே 2013 நவம்பரில் வெளியான எக்ஸ்பாக்ஸ் ஒன் ஒவ்வொரு பெட்டியிலும் கினெக்டைச் சேர்த்தது. துணைக்கருவி கன்சோலின் உறுப்பாயிற்று. மூன்றாம் தரப்பினர் வேண்டிய உறுதி கிட்டியது போலிருந்தது. ஆனால் அதன் 500 டாலர் விலை போட்டிக் கன்சோலைவிட 100 டாலர் மிகுதி. 2014 ஜூன் 9 முதல் கினெக்ட் இல்லாத எக்ஸ்பாக்ஸ் ஒன் 400 டாலருக்கு விற்பனையானது. கினெக்டுக்கென ஒதுக்கப்பட்டிருந்த வரைகலைச் செயலியின் ஏறத்தாழ 10 விழுக்காட்டு ஆற்றலும் அதே மாதம் விளையாட்டுகளுக்குத் திறந்துவிடப்பட்டது. அதாவது, கினெக்டைக் கைவிடும் உருவாக்குநருக்கு வெளிப்படையான ஊதியம் கிடைத்தது.

அவ்வாண்டு அக்டோபரில் ஹார்மோனிக்ஸின் ‘ஃபேண்டசியா: மியூசிக் இவால்வ்ட்’ வெளிவந்தது. கினெக்ட் இன்றி இயங்காத அப்படைப்பு, எல்லாப் பெட்டியிலும் கினெக்ட் உண்டு என்னும் உறுதி விலகி நான்கு மாதங்களுக்குப் பின் சந்தைக்கு வந்தது. ஒரு விளையாட்டை ஆக்கும் காலம், கருவி நிறுவனம் தன் முடிவை மாற்றிக்கொள்ளும் காலத்தைவிட நெடியது. சார்பு ஆதரவின் இடர் இவ்விடைவெளியில்தான் உள்ளது. 2017 அக்டோபரில் கினெக்ட் உற்பத்தி நிறுத்தப்பட்டது அறிவிக்கப்பட்டது.

கினெக்டை எதிர்பாராத திசையில் தாங்கிப் பிடித்தோர் விளையாட்டுத் துறைக்கு வெளியே இருந்தனர். கருவி வெளியான அன்றே அடாஃப்ரூட் நிறுவனம் திறமூல இயக்கிக்குப் பரிசு அறிவித்தது. ஒரு வாரத்துக்குள் ஹெக்டர் மார்ட்டின் அதனை வென்றார். முதலில் இதனை விரும்பாத மைக்ரோசாஃப்ட், 2011 ஜூனில் தானே ஆய்வாளர்க்கான மென்பொருள் உருவாக்கக் கருவித்தொகுப்பை வெளியிட்டது. அதன்பின் எந்திரனியல், மருத்துவம், கலை ஆகிய துறைகளில் கினெக்ட் பரவியது. விளையாட்டு வெளியீட்டாளருக்கு மூன்றில் ஒரு பங்கினர் போதவில்லை; ஓர் ஆய்வகத்துக்கோ ஒரு கருவியே போதுமானதாயிருந்தது.

ஆதரவின் ஆழமும் இழப்பின் ஆழமும்

மூவகை ஆதரவின் பிற்கால நிலையை ஒப்பிடும்போது ஒரு முரண் புலனாகிறது. பவர் கிளவின் எண்பட்டியலில் இடம்பெற்ற விளையாட்டுகள் வழக்கமான கைப்பிடியால் இன்றும் ஆடப்படுகின்றன. மூவுக்கோ கினெக்டுக்கோ கூடுதல் ஆதரவளித்தவையும் அவ்வாறே. எக்ஸ்பாக்ஸ் 360இன் விளையாட்டுகள் பல பிற்காலக் கன்சோல்களில் இயங்குமாறு செய்யப்பட்டன; கினெக்டைச் சார்ந்தவை அவ்வாய்ப்பைப் பெறவில்லை. 2020இல் வந்த எக்ஸ்பாக்ஸ் கன்சோல்கள் கினெக்டை ஏற்பதே இல்லை என்பதால், எக்ஸ்பாக்ஸ் ஒன்னின் கினெக்ட் விளையாட்டுகளும் அவற்றில் இயங்கா. கருவியை முழுமையாக நம்பி அதன் இயல்பை ஆராய்ந்தவர்களின் உழைப்பே அணுக இயலாததாகிவிட்டது.

கருவி நிறுவனம் தன் படைப்பை மட்டும் இவ்விழப்பிலிருந்து மீட்டுக்கொள்ள இயலும். மோஷன்பிளஸைச் சார்ந்திருந்த நின்டெண்டோவின் ‘ஸ்கைவர்ட் ஸ்வோர்ட்’ (2011), பொத்தான்களாலும் ஆடத்தக்கதாகத் திருத்தப்பட்டு 2021இல் மறுவெளியீடு கண்டது. அதே இணைப்பைச் சார்ந்த ‘ரெட் ஸ்டீல் 2’ அத்தகைய மறுபிறப்பைப் பெறவில்லை. ‘ஜஸ்ட் டான்ஸ்’ வேறொரு வழியைக் கண்டது: 2014இல் திறன்பேசியையே கைப்பிடியாகக் கொள்ளும் வடிவத்தை வெளியிட்டு, பிற நிறுவனத்தின் துணைக்கருவியைச் சார்ந்திருக்கும் நிலையிலிருந்து விலகியது.

முடிவுரை

இயக்க உணர்வுத் துணைக்கருவிகளின் வீழ்ச்சிக்குத் தொழில்நுட்பக் குறைபாடு மட்டுமே காரணமன்று. மூவும் மோஷன்பிளஸும் தம் முன்னோடிகளைவிடத் துல்லியமானவை. எனினும் அவற்றுக்கெனத் தம் முதலீட்டை இட்ட வெளியார் சிலரே. கருவி எல்லோரிடமும் இருத்தல், கருவி நிறுவனத்தின் உறுதி விளையாட்டை ஆக்கும் காலம் முழுதும் நிலைத்திருத்தல், அசைவு விளையாட்டின் பொருளாகவே அமைதல் ஆகிய மூன்றும் கூடிய இடத்தில்தான் சார்பு ஆதரவு தழைத்தது.

ஆகவே ஆதரவு நிறுவனங்களின் எண்ணிக்கையை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளும்போது, அவ்வாதரவின் வகையும் அதன் செலவை ஏற்றவர் யார் என்பதும் உடன் ஆராயப்பட வேண்டும். விளையாட்டுகளைப் பாதுகாக்கும் ஆவணக்காப்பகங்களும் மென்பொருளைச் சேமிப்பதோடு நில்லாமல், சார்புப் படைப்புகளுக்குரிய கருவிகளையும் அவை இயங்குவதற்குரிய இடவசதியையும் பேணுதல் இன்றியமையாதது. ‘ஃபேண்டசியா’வின் வட்டு மட்டும் ஒரு காப்பகத்தில் இருந்து, அதன் அருகில் கினெக்ட் இல்லையெனில், அங்குக் காக்கப்படுவது அவ்விளையாட்டின் பெயர் மட்டுமே.